இருபத்தொரு நாள்

பணகுடிக்குக் கிழக்கே, எங்கள் வீட்டுப் பின்னால்
நாலு காத்தாடி.
ஒன்று கொல்லைச் சுவரிலிருந்து கூப்பிடு தூரம்.
ஆனி பிறந்தால் ராமுழுக்க அது இரைவதைக் கேட்டபடி
இருட்டில் கிடப்போம்.
இங்கே விளைவது இங்கே நிற்காது என்று
ஃப்யூஸ் போட வந்த லைன்மேன் சொன்னார்,
நான் கேட்காமலே.

போன வருஷம் பதினெட்டாம் நாள் போச்சு கரண்டு.
ஒன்பது மணி நேரம்.
பெட்டிக்குள் முந்நூறு முட்டை, எல்லாம் சிறுவிடை.
சாக்கைப் போர்த்தினேன், கம்பளியைப் போர்த்தினேன்,
வெந்நீர்ப் பாட்டில்களை இடையிடையே சொருகினேன்.
நைட்டிக்குள் பன்னிரண்டு முட்டையை வைத்துக்கொண்டு
விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தேன்.
அந்தப் பன்னிரண்டில் ஏழு பொரித்தது.
பெட்டியில் ஒன்றும் அசையவில்லை.
தென்னை மூட்டில் குழி தோண்டிப் போட்டேன்.
ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

வள்ளியூரிலிருந்து சேர்மராஜ் வந்தார்,
டேப்பும் செல்போன் திசைகாட்டியுமாக.
"மூணு கிலோவாட் போடுங்க ஜெபக்கனியக்கா.
மானியம் உண்டு. பில்லு பூஜ்யம்."
கரண்டு போனா?
"போனா இதுவும் நின்னுரும்."
உச்சி வெயில்லயா?
"உச்சி வெயில்லயும்தான்.
லைன்ல ஏறி நிக்கவருக்கு ஷாக் அடிச்சிரக் கூடாதுல்லா."
ஞாயம்தான்.
அந்த லைன்மேனுக்கு ரெண்டு பிள்ளைகள்.

பேட்டரியும் சேர்த்து மூணு கிலோவாட் என்றால்
இவருடைய ஆறு மாசச் சம்பளம்.
தம்மாமிலிருந்து வீடியோவில் சொல்லுதாவ:
"போடுததுதான் போடுத, ஏசி ஓடுத மாதிரி போடு."
ரெண்டு வருஷத்துக்கு நாப்பது நாள் வருகிற மனுஷன்.
முகத்தைப் பார்த்துக்கொண்டு
சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ராத்திரி நோட்டில் எழுதினேன்.
பெட்டி நூற்றிருபது வாட்.
லைட்டு ரெண்டு.
ஃபேனை எழுதி அடித்தேன்.
ஆனியில் ஜன்னலைத் திறந்தால் போதும்,
அந்தக் காத்துக்கு மீட்டர் இல்லை.
டிவி எழுதவே இல்லை.
கடைசியில் ஒரு வரிதான் மிஞ்சியது:
ஒன்பது மணி நேரம், முப்பத்தேழரை டிகிரி.

டியூப்ளர் மலிவு. வாரன்டி
"முப்பத்தாறு ப்ளஸ் இருபத்திநாலு" என்றார்.
ப்ளஸ்ஸுக்குப் பிறகு என்ன கிடைக்கும் என்று கேட்டேன்.
சிரித்தார். அந்தச் சிரிப்பில் விலை தெரிந்துவிட்டது.
அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையுமாம்,
மாசாமாசம் தண்ணி பார்க்கணுமாம்.
லித்தியம் சின்னப் பெட்டி, ஒரு கையால் தூக்கலாம்.
விலையைத்தான் தூக்க முடியவில்லை.

மொட்டைமாடியில் நாலரை மணிக்கு
பேச்சை நிறுத்தி அவர் கீழே பார்த்தார்.
காத்தாடி இறக்கையின் நிழல்
சிமெண்டுத் தரையை வெட்டியது,
போனது, மறுபடி வெட்டியது.
"இது என்னக்கா இப்படி?"
இந்த ரெண்டு மாசமும் சாயங்காலம் இப்படித்தான் என்றேன்.
கரண்டைக் கொண்டுபோனது போதாதென்று
வெயிலிலும் பங்கு கேட்கிறது.
ரெண்டு பேரும் சாக்பீஸால் கோடு போட்டு
நிழல் தொடாத மூலையைக் கண்டுபிடித்தோம்.
ரெண்டு பேனல்தான் அதில் கொள்ளும்.
எனக்கும் ரெண்டு போதும்.

"காத்துக்குத் தாழ்வா வைங்க.
போன ஆடியில் இசக்கி வீட்டுத் தகரம்
குளத்தில் கிடந்தது."
"வைக்கேன்."
அட்வான்ஸுக்குக் கம்மலை வைத்தேன்.
இரும்பு வெட்டக் கொடுத்தாச்சு,
வியாழக்கிழமை வருவாராம்.

இன்று பெட்டியில் ஏழாம் நாள்.
லைட்டை அணைத்துவிட்டு
டார்ச் மேல் ஒவ்வொரு முட்டையாக வைத்துப் பார்க்கிறேன்.
சிவப்பு நூல் ஓடியிருந்தால் இந்தத் தட்டு.
ஒன்றும் இல்லாதது கூமுட்டை, அந்தத் தட்டு.
சில முட்டையில் நூல் நடுவே
ஒரு புள்ளி துடிக்கிறது.
அதை இறக்கி வைக்கக் கை வரமாட்டேன் என்கிறது.

போன் அடிக்கிறது, தம்மாம்.
"என்னம்மா, பில்லு பூஜ்யம் ஆயிருமா?"
ஆகாது என்றேன்.
"ஏசி?"
டார்ச்சைத் திருப்பி
முட்டையைக் கேமரா பக்கம் பிடித்தேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
லைன் கட்டாகிவிட்டதோ என்னவோ.